அணங்கும் கள்வரும்: தமிழ்ப் பேய்ப்படங்களை இணைவைத்து நோக்கல்

பத்தாண்டு நிறைவு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று தருக என்று வட்டத்தார் பணித்தபோது, அவர்கள் எதிர்பார்த்தது நந்திவர்மப் பல்லவன் கண்ட நம் காவேரிப்பாக்கத்து ஏரியைப் பற்றியோ, இவ்வூரில் கிடைத்துச் சென்னை அருங்காட்சியகம் சென்றுவிட்ட இராட்டிரகூடர் காலச் சிற்பங்களைப் பற்றியோ, 1752-இல் கிளைவின் படை இங்கு நிகழ்த்திய போரைப் பற்றியோ ஒரு கட்டுரையை. அவற்றை எழுத வல்லோர் வட்டத்திலேயே உளர். நான் தமிழ்ப் பேய்ப்படங்களைப் பற்றி எழுதுவதாகச் சொன்னேன். கூட்டத்தில் சிரிப்பெழுந்தது. மூத்த கவிஞர் ஒருவர் மட்டும், "எழுதும்மா. பேய்களை வைத்தே பரணி பாடிய மொழிதானே இது" என்றார். அவர் தந்த துணிவில் தொடங்குகிறேன்.

அச்சம் என்னும் மெய்ப்பாடு நான்கு நிலைக்களங்களில் தோன்றும் என்பது தொல்காப்பியர் கொள்கை. அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை ஆகியவை அந்நான்கு. மெய்ப்பாட்டியலைப் பல ஆண்டுகளாக வகுப்பில் நடத்திவரும் எனக்கு, பேயும் அரசனும் ஒரே வரிசையில் நிற்பது நெடுநாள் உறுத்தியதில்லை. ஒருநாள் மாணவி ஒருத்தி எழுந்து, "எங்கம்மா பேய்ப்படம் பாத்துப் பயந்ததே இல்ல மேடம். ராத்திரி கம்பெனி பஸ்ஸ விட்டுட்டாதான் பயம்" என்றாள். அவள் தாய் ஆம்பூரில் செருப்பு ஆலையொன்றில் பணிபுரிபவர். வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அணங்குக்கு அஞ்சாத அந்தத் தாய் கள்வருக்கு அஞ்சுகிறார். நூற்பாவின் வரிசைக்கு அதைவிடச் சிறந்த உரையை நான் எந்த உரையாசிரியரிடமும் கண்டதில்லை.

ஒரு பேய்ப்படத்தைத் தனியே பார்த்தால் அணங்கு ஒன்றே கண்ணிற்படும். காலத்தால் வேறுபட்ட இரண்டினை அருகருகே வைத்து நோக்கினால், அணங்கின் பின்னே மறைந்து நிற்கும் கள்வரும் இறையும் புலப்படுவர். அந்த நோக்கிலேயே சில இணைகளை எடுத்துக்கொள்கிறேன். கலையழகால் இவற்றுட் சில மிக எளியவை என்பதையும் முன்னரே சொல்லிவிடுகிறேன்.

முதல் இணை எளிது. ‘யார் நீ?’ (1966), ‘துணிவே துணை’ (1976) ஆகிய இரண்டிலும் ஜெய்சங்கரே நாயகர். இரண்டிலும் பேய் பொய். முன்னது ‘வோ கௌன் தீ’ என்னும் 1964-ஆம் ஆண்டு இந்திப்படத்தின் தமிழாக்கம். வெள்ளைச் சேலையும் பனிமூட்டமும் பாட்டும் எல்லாம் சொத்தின்பொருட்டு ஒருவனைப் பித்தனாக்கும் சூழ்ச்சி. பின்னதில் ஊரையே நடுங்கவைக்கும் ஆவி, குற்றக் கும்பலொன்றின் முகமூடி. அணங்கின் ஆடையைக் களைந்தால் கள்வர்! இவ்விரண்டுக்கும் நடுவில் 1967 ஆட்சி மாற்றம் நிற்கிறது. பகுத்தறிவு மேடையில் முழங்கிய காலத்தில் திரைப்பேயும் தான் பேயன்று என்று இறுதிக்காட்சியில் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

அடுத்த இணை ஆழமானது. ஸ்ரீதரின் ‘நெஞ்சம் மறப்பதில்லை’ (1963), பி. வாசுவின் ‘சந்திரமுகி’ (2005). முன்னதில் சமீன்தார் மகன் எளிய குடிப்பெண் ஒருத்தியை விரும்புகிறான். தந்தை அக்காதலைக் கொலையால் முடிக்கிறார். காதலர் மறுபிறவி எய்துகின்றனர். ஆனால் எம்.என். நம்பியார் ஏற்ற அந்தச் சமீன்தார் மட்டும் பிறவி மாறவில்லை. நூறாண்டு கடந்தும் சாகாமல் அதே பகையோடு காத்திருக்கிறார். பிமல் ராயின் ‘மதுமதி’ (1958) மறுபிறவிக் கதையை இந்தியாவெங்கும் பரப்பிய காலம் அது என்பது உண்மைதான். எனினும் இந்தச் சாகாத கிழவரைத் தமிழ்நாட்டு வரலாற்றோடு சேர்த்தே நான் படிக்கிறேன். சென்னை மாகாணத்தில் சமீன்களை ஒழிக்கும் சட்டம் 1948-இல் இயற்றப்பட்டது. பதினைந்து ஆண்டுகள் கழித்தும் திரையில் சமீன்தார் உயிரோடிருக்கிறார். சட்டப் புத்தகத்தில் இறந்தவர் ஊரில் இறக்கவில்லை என்பதை அன்றைய பார்வையாளருக்கு யாரும் விளக்கியிருக்க வேண்டியதில்லை.

‘சந்திரமுகி’யில் இறை மாண்டுபோனான். அரண்மனையைப் புதுப்பணம் படைத்தவர் விலைக்கு வாங்குகிறார். ஆனால் வீட்டோடு வீட்டின் குற்றமும் கைமாறுகிறது. வேட்டையன் என்னும் அரசன், தன்னை விரும்பாத நடனமாதின் காதலனைக் கொன்று அவளையும் உயிரோடு எரித்த கதை, பூட்டிய அறையில் காத்திருக்கிறது. இதன் மூலம் ஃபாசில் இயக்கிய ‘மணிச்சித்ரத்தாழ்’ (1993) என்னும் மலையாளப்படம் என்பதை அனைவரும் அறிவர். அறிந்தும் பலர் கருதாத ஒன்றை இங்கே சுட்ட விரும்புகிறேன். மலையாளப்படத்தில் பேயின் பெயர் நாகவல்லி, தஞ்சையிலிருந்து கொண்டுவரப்பட்டவள், தமிழ் பேசுகிறாள். தமிழ்ப்படத்தில் பேய் தெலுங்கு பேசுகிறாள். இந்திக்குச் சென்றபோது (‘பூல் புலையா’, 2007) அவள் வங்கத்து மஞ்சுளிகா ஆனாள். ஒவ்வொரு நாடும் தன் பேயை அயல்மொழியில் பேசவைக்கிறது!

இதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. சுவாதித் திருநாள் அவையில் தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு இருந்தார். ஆடலும் ஆடல்மகளிரும் தஞ்சையிலிருந்து திருவிதாங்கூர் சென்ற வழி அது. நாயக்கர், மராட்டியர் அவைகளிலோ ஆடலின் மொழி பெரும்பாலும் தெலுங்கு. ஆகவே கலை அயல்மொழியில் வந்தது. கலைமகளும் அயலிலிருந்து வந்தாள். தாய்வீடும் தன் மொழியும் இல்லாத ஊரில் அவளுக்கு நேர்ந்ததைக் கேட்க எவரும் இல்லை. பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை 1947-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. முத்துலட்சுமி அம்மையாரின் நெடும்போராட்டத்தின் பயன் அது. ஆனால் அதற்குமுன் மாண்டவர்களின் வழக்கு எந்த அறத்தின் முன்னும் எடுக்கப்படவில்லை. அவ்வழக்கே பேயாக வருகிறது.

தீர்ப்பு என்னவென்று பாருங்கள். மூலத்திலும் தமிழிலும் மருத்துவர் அவளுக்கு ஒரு பொம்மையைக் கொடுக்கிறார். தன்னை அழித்தவன் என்று நம்பி அவள் பொம்மையை அழிக்கிறாள்; மனம் ஆறி அகல்கிறாள். அரங்கு கைதட்டுகிறது. நானும் கைதட்டியவள்தான். பொம்மைத் தண்டனை கொடுத்து அனுப்பிவிட்டார்களே என்று வீடு திரும்பும் பேருந்திலேதான் தோன்றியது.

மூன்றாவது இணைக்கு நம் தொண்டை மண்டலத்துக்கே திரும்புவோம். இங்கிருந்து அரக்கோணம் சென்று புகைவண்டி ஏறினால் சிறிது நேரத்தில் திருவாலங்காடு. அதனையடுத்தது பழையனூர். கணவன் கைவிட்ட பின் பேயுருவை வேண்டிப் பெற்ற காரைக்கால் அம்மையார் ஆலங்காட்டில் பாடினார். கணவனாற் கொல்லப்பட்டுப் பேயான நீலி பழையனூரில் பழிவாங்கினாள். தமிழகத்தின் இரு பெரும் பேய்மகளிரும் அருகருகே உறைகின்றனர். ஒருத்தியைத் தொழுகிறோம், மற்றொருத்தியின் பெயரை வசைச்சொல்லாக்கி ‘நீலிக்கண்ணீர்’ என்கிறோம். அழுத பெண்ணைவிடக் கொன்ற ஆணையே நம் மொழி நம்பியிருக்கிறது.

கதையை யாவரும் அறிவர். மறுபிறவியில் வணிகனாக வந்த கணவனை நீலி கைக்குழந்தையோடு தொடர்ந்து, பழையனூர் வேளாளர் எழுபதின்மர் முன் வழக்குரைக்கிறாள். அவர்கள் அவள் சொல்லை நம்பி, வணிகன் உயிருக்குத் தம் உயிரைப் பிணையாக்குகின்றனர். அவன் மாண்டபின் சொன்ன சொல் தவறாது தீப்புகுகின்றனர். இதனை வேளாளர் வாய்மைக்குச் சான்றாகவே நம் புலவர் மரபு போற்றிவந்துள்ளது. அப்போற்றுதலில் எனக்கு மறுப்பில்லை. ஆயினும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. உயிரோடிருந்தபோது இவளுக்கு அவை ஏது? பேயான பிறகு, அதுவும் பொய்வேடம் பூண்ட பிறகே, எழுபது பேர் அமர்ந்து ஒரு பெண்ணின் சொல்லைக் கேட்டனர்.

இதன் அருகில் ‘வா அருகில் வா’ (1991) என்னும் படத்தை வைக்கிறேன். புகுந்த வீட்டாராற் கொல்லப்பட்ட மருமகளின் ஆவி பொம்மையொன்றிற் புகுந்து பழிதீர்க்கிறது. நீலியின் இடுப்பிற் குழந்தை, இவளுக்குப் பொம்மை. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-இலேயே வந்தது. எனினும் திருமணமாகி ஏழாண்டுக்குள் நிகழும் வரதட்சணை மரணத்தைத் தனிக்குற்றமாக்கும் பிரிவு 1986-இல்தான் சேர்ந்தது. படம் அதற்கு ஐந்தாண்டு பிற்பட்டது. எங்கள் தெருவில் வாடகை டெக் எடுத்து இப்படத்தைப் போட்டபோது நான் பள்ளிச்சிறுமி. பொம்மை அசைந்தபோது பிள்ளைகள் நாங்கள் அலறினோம். பெரிய பெண்கள் அலறவில்லை. மருமகள் துன்புறும் காட்சிகளில் அவர்கள் அழுதனர். அத்தை முறையிலிருந்த ஒருவர் பாதியில் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார். ஏனென்று பல ஆண்டுகள் கழித்தே அறிந்தேன்.

அறிவழகனின் ‘ஈரம்’ (2009) இவ்வரிசையில் நேர் வாரிசு. கணவன் ஐயுற்று மனைவியை நீரில் மூழ்கடித்துக் கொல்கிறான். தற்கொலை என்று ஊர் நம்புகிறது. நாயகன் காவல்துறை அதிகாரியாக இருந்தும், உண்மையை வெளிக்கொணர நீர்வடிவில் வந்த அவளே உதவவேண்டியிருக்கிறது. பழையனூர் மன்றம் போய், அடுக்குமாடிக் குடியிருப்பின் படிக்கட்டுகளில் அண்டைவீட்டார் பேசும் புறணியே மன்றமாகிவிட்டது. தொல்காப்பியர் கணவனைத் தனியே எண்ணவில்லையே என்று கேட்கலாம். ‘இறை’ என்னும் சொல்லுக்குத் தலைவன் என்ற பொருளும் உண்டல்லவா? தெற்கே கள்ளியங்காட்டு நீலி என்று வழங்கும் இன்னொரு நீலியை, ‘லோகா’ என்னும் மலையாளப்படம் 2025-இல் மக்களைக் காக்கும் நாயகியாக்கிவிட்டது. நம் பழையனூராளுக்கு இன்னும் அந்த நற்பேறு வாய்க்கவில்லை.

ராகவா லாரன்சின் ‘முனி’ (2007), ‘காஞ்சனா’ (2011) இரண்டையும் விரிக்க இடமில்லை. அரசியல்வாதியை நம்பிக் கெட்டவனின் ஆவி முன்னதில்; ஏழையர்க்கு மருத்துவமனை கட்ட வாங்கிய நிலத்தைப் பறிகொடுத்து உயிரையும் இழந்த திருநங்கையின் ஆவி பின்னதில். கள்வரும் இறையும் இங்கே ஒருவரே. திருநங்கையர் நலவாரியம் தமிழகத்தில் 2008-இல் அமைந்தது. உச்சநீதிமன்றம் அவர்களை மூன்றாம் பாலினமாக ஏற்றது 2014-இல். இடையில் வந்து தன் வழக்கைத் தானே பேசியது இப்பேய். நில அபகரிப்பு வழக்குகளுக்கெனத் தனிப்பிரிவுகள் காவல்துறையில் ஏற்பட்டதும் படம் வந்த அதே 2011-இல்.

இவ்வளவும் எழுதியபின், இணையில்லாத ஒன்று மிஞ்சுகிறது. நம் மாவட்டத்திலேயே, இராணிப்பேட்டை சிப்காட்டில், 2015 சனவரி இறுதியில் ஓர் இரவு தோல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத்தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்துத் தோல் பதனிடும் ஆலையில் உறங்கிக்கொண்டிருந்தோர்மேல் கசடு பாய்ந்து பத்துப்பேர் மாண்டனர். தோல் ஆலைகளின் மாசினைக் குறித்து வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1996-இலேயே தீர்ப்பளித்திருந்தது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்யவேண்டும் என்ற நெறியை நாடறிய நிறுத்திய தீர்ப்பு அது. அதற்குப் பத்தொன்பது ஆண்டுக்குப் பிறகு நிகழ்ந்த சாவு இது. இதைப்பற்றிப் பேய்ப்படம் ஏதும் வந்ததாக நான் அறியேன். நம் வட்டத்துப் பத்தாண்டுக் கவிதைகளையும் புரட்டிப் பார்த்தேன். பாலாறு வறண்டதைப் பற்றிப் பல உள்ளன. இவர்களைப் பற்றி ஒன்றும் இல்லை. என் கட்டுரைகளிலும் இல்லை.

மாண்டவருட் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். ஆகவே இராணிப்பேட்டையில் ஒரு பேய் எழுந்து வழக்குரைக்குமாயின் அது வங்கமொழியிலேதான் உரைக்கும். நம் வட்டத்தில் அம்மொழி அறிந்தார் உளரோ என்று சென்ற கூட்டத்தில் கேட்டேன், ஒருவரும் இல்லை. சிப்காட் அருகே தேநீர்க்கடை வைத்திருப்பவர் ஒருவர் வடநாட்டுத் தொழிலாளரோடு பழகிச் சில சொற்கள் கற்றிருக்கிறாராம். வரும் ஞாயிறன்று மூத்த கவிஞரும் நானும் அவரைக் காணச் செல்லவிருக்கிறோம்.