திருவக்கரைக் கல்மரங்களும் தொலைந்துபோன மழையும்

விழுப்புரம் மாவட்டத்தில், புதுச்சேரிக்கு வடமேற்கே, சங்கராபரணி ஆற்றை ஒட்டிய ஊர் திருவக்கரை. சம்பந்தர் பாடிய சந்திரமௌலீசுவரர் கோயிலுக்கும் அங்குள்ள வக்கிரகாளிக்கும் பௌர்ணமிதோறும் கூட்டம் வருகிறது. ஊரை அடுத்த செம்மண் மேட்டில் கிடக்கும் கல்மரங்களைப் பார்க்க வருகிறவர்கள் அதைவிட மிகக் குறைவு. சுற்றிலும் மல்லாட்டையும் முந்திரியும் சவுக்கும் விளையும் பூமி. ஆண்டுக்குச் சுமார் 1000 மில்லிமீட்டர் மழை. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் புயலோடு கொட்டித் தீர்ந்துவிடும். இப்படிப்பட்ட மேட்டில் கிடக்கும் அடிமரங்கள், இந்தக் கடற்கரை ஒரு காலத்தில் இன்றைய மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுங்காடுகளுக்கு நிகரான ஈரத்தைக் கண்டிருந்தது என்கின்றன. கல்லின் இந்தச் சாட்சியம், கேட்க வேண்டிய குறுக்குக் கேள்விகளையெல்லாம் கேட்ட பிறகும் பெருமளவு நிற்கிறது என்பதே என் வாதம்.

மரத்தைக் கல்லில் அடையாளம் காண யாருக்கும் படிப்பு தேவைப்படவில்லை. கோயிலில் காளி கதை சொல்லும் ஊர், மேட்டில் கிடப்பவை அசுரனின் எலும்புகள் என்றும் சொல்லி வந்திருக்கிறது. இவற்றை முதலில் எழுத்தில் குறித்த ஐரோப்பியர் பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னேரா, ஆண்டு 1781. ஆனால் அவரும் ‘மரம் கல்லாகிவிட்டது’ என்பதற்கு மேல் எதுவும் சொல்லியிருக்க முடியாது. எந்த மரம், எத்தகைய காட்டில் வளர்ந்தது என்று கேட்க அன்று கருவி இல்லை. அந்தக் கருவி 1830 வாக்கில் எடின்பரோவில் உருவானது. கல்லைச் சீவி, கண்ணாடியில் ஒட்டி, ஒளி ஊடுருவும் அளவுக்குத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்க்கும் முறையைக் கொண்டு ஹென்றி விதம் என்பவர் 1831இல் புதைமரங்களின் உள்ளமைப்பை நூலாக்கினார். தமிழகப் பகுதியில் பாறைகளை வரிசைப்படுத்தும் வேலையை எச்.எஃப். பிளான்ஃபோர்டு செய்தார், தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களைப் பற்றிய அவர் அறிக்கை 1862இல் வந்தது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 1940இல் திருவக்கரையைத் தன் பாதுகாப்பில் கொண்டுவந்தது. 1950களில் சி.ஜி.கே. ராமானுஜம் தென்னார்க்காட்டுக் கல்மரங்களைச் சீவிச் சீவிப் பார்த்து ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லத் தொடங்கிய பிறகுதான், கல்லாக இருந்தது காடாயிற்று. இந்தக் கதையில் பெருமை சேர வேண்டிய இடம் அந்தப் பொறுமையான வேலைதான் என்று நினைக்கிறேன்.

மரம் கல்லாவதற்கு முதல் தேவை, அது மக்காமல் இருப்பது. வெள்ளத்தில் விழுந்த அடிமரத்தை ஆற்று மணல் சட்டென்று மூடிவிட்டால் காற்றும் பூஞ்சையும் எளிதில் அண்ட முடியாது. மணலில் உள்ள கனிமங்கள் சிதைந்து வெளிவிடும் சிலிக்கா, நிலத்தடி நீரில் கரைந்து மரத்துக்குள் ஊறி, செல்சுவரில் படிந்து, பிறகு செல்லின் உட்குழிவையும் நிரப்புகிறது. வேலை மெதுவாக நடப்பதால் சுவர் இருந்த இடம் சுவராகவும், துளை இருந்த இடம் துளையாகவும் தங்கிவிடுகிறது. குறுக்குவெட்டில் ஒன்று, நெடுக்குவெட்டில் இரண்டு என மூன்று சீவல்கள் எடுத்தால் நீர் ஏறிய குழாய்களின் அகலமும் நெருக்கமும், பிசின் ஓடிய கால்வாய்கள் அமைந்த விதமும், ஆண்டு வளையம் உண்டா இல்லையா என்பதும் தெரியும். இவை குடும்பத்தைக் காட்டிக்கொடுக்கின்றன. சில சமயம் பேரினத்தையும்.

திருவக்கரை முதல் புதுச்சேரிச் சுற்றுவட்டாரம் வரை பரவியிருக்கும் கடலூர் மணற்கல்லில் இப்படி அடையாளம் கண்டவற்றுள் புளியின் உறவுகளான பயறுக் குடும்ப மரங்கள் உண்டு, மருதத்தின் உறவுகள் உண்டு, பனைவகை உண்டு, போடோகார்பஸ் வகை ஊசியிலை மரங்கள் உண்டு. எனினும் காலநிலைக் கேள்விக்கு விடை சொல்பவை குங்கிலியக் குடும்ப மரங்கள். இக்குடும்பத்தின் டிப்டெரோகார்பஸ் இனங்கள் தென்னிந்தியாவில் இன்று குடகு, கேரளம் போன்ற மேற்குமலைப் பசுங்காடுகளில் ஒதுங்கியிருக்கின்றன. இன்னொன்று இன்னும் வியப்பானது. ராமானுஜம் விவரித்த கல்மரங்களுள் ஒன்றைப் பின்னர் மறுபடி ஆராய்ந்த அவஸ்தி, 1971இல் அதை டிரையோபலனாப்ஸ் மரத்தின் உறவு என்று வகைப்படுத்தினார். அம்மரம் இன்று சுமத்ரா, மலேயா, போர்னியோ தவிர எங்கும் இயற்கையாக வளர்வதில்லை. பழங்காலத்தில் பெரும்விலை பெற்ற பரூஸ் கற்பூரம் அதன் மரத்திலிருந்து எடுத்தது. சுமத்ராவில் அந்தப் பரூஸ் அருகே லோபு துவாவில் தமிழ் வணிகக் குழுவான ஐந்நூற்றுவர் 1088ஆம் ஆண்டுக் கல்வெட்டை விட்டுச் சென்றிருக்கிறார்கள். கற்பூரத்துக்குப் பேர்போன அந்தத் துறைமுகத்துக்குக் கடல் கடந்து போனவர்களின் சொந்தக் கரையில், கற்பூர மரத்தின் மூதாதை உறவு மண்ணுக்குள் கல்லாகக் கிடந்திருக்கிறது.

இம்மரங்கள் அன்றைய ஈரத்துக்குச் சாட்சி என்பதற்கு எழும் முதல் மறுப்பு வலுவானது. திருவக்கரையில் கிடப்பவை நின்ற இடத்தில் மாண்ட மரங்கள் அல்ல. வேர் இல்லை, கிளை இல்லை, பட்டை இல்லை. எல்லாம் படுத்தே கிடக்கின்றன. வெள்ளம் அடித்து வந்து போட்டவை என்பதில் ஐயமில்லை. அப்படியானால் அவை சொல்வது திருவக்கரையின் மழையையா, எங்கோ மேற்கே இருந்த மலையின் மழையையா? இந்த மறுப்பில் பாதியை ஏற்கத்தான் வேண்டும். கல்மரம் பேசுவது ஒரு புள்ளியைப் பற்றி அல்ல, ஓர் ஆற்றுப் படுகையைப் பற்றி. ஆனால் 15 மீட்டர் வரை நீளமுள்ள அடிமரங்களை உருட்டி வந்து, ஆழமான மணலில் புதைக்கக்கூடிய ஆற்றுக்கே பெருமழை வேண்டும். அந்தப் படுகை மேற்கே எவ்வளவு தூரம் நீண்டிருந்தாலும், செஞ்சி, திருவண்ணாமலைப் பக்கத்து நிலம் அதற்குள் அடங்கியிருக்கும். இன்று அங்கும் அத்தகைய காடு இல்லை. ஆக, மரம் வந்த வழியை மேற்கே தள்ளிப் பார்த்தாலும் ‘இப்போது வறண்டிருக்கும் நிலம் அப்போது ஈரமாக இருந்தது’ என்ற முடிவு மாறுவதில்லை.

அடுத்த மறுப்பு நுட்பமானது. இன்றைய உறவினரைக் கொண்டு அன்றைய மரத்தின் குணத்தை எப்படித் தீர்மானிப்பது? குங்கிலியக் குடும்பத்திலேயே மத்திய இந்தியாவின் சால் மரம் நீண்ட கோடையைத் தாங்குகிறது. நம் கிழக்குமலைகளின் வறண்ட சரிவுகளிலும் அதன் பேரினத்து மரங்கள் உண்டு. மேலும், மணலில் புதைய வாய்ப்புள்ளவை ஆற்றோர மரங்களே. காவிரிக் கரையில் நிற்கும் நீர்மருதைப் பார்த்து நாமக்கல்லையும் கரூரையும் மழைநாடு என்று முடிவு கட்டினால் எவ்வளவு தவறு! இதனால்தான் ஒரு மரத்தை வைத்து நான் வாதிடவில்லை. ஒரு பேரினம் பழக்கத்தை மாற்றிக்கொண்டிருக்கலாம். டிப்டெரோகார்பஸ், டிரையோபலனாப்ஸ் எனப் பல உறவுகள் ஒரே காலத்தில் ஒரே திசையில் மாறின என்று நம்புவது கடினம். ஆற்றங்கரை ஈரம் மட்டுமே போதுமென்றால், தென்பெண்ணைக் கரையிலோ காவிரிக் கரையிலோ அவற்றில் ஒன்றாவது இன்று எஞ்சியிருக்க வேண்டும். இல்லை. காரணம் விதையில் இருக்கிறது. இக்குடும்பத்துப் பெரும்பாலான மரங்களின் விதை காத்திருக்காது. விழுந்த சில நாட்களிலோ வாரங்களிலோ ஈர மண் கிடைக்காவிட்டால் முளைக்கும் திறனை இழந்துவிடும். வறண்ட நிலத்தை இடையில் வைத்துக்கொண்டு ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு அவை பரவ முடியாது. அவை இங்கே வந்து சேர்ந்ததே, ஈரமான காடு தொடர்ச்சியாக இருந்ததற்குச் சான்று. அதேசமயம் மருத உறவுகளும் பயறுக் குடும்பமும் கலந்திருப்பதால், ஆண்டு முழுதும் மழை சொட்டிய ஒரே சீரான காடு என்று சொல்லவும் நான் தயங்குகிறேன். நிறைய மழை, குறுகிய கோடை, இடத்துக்கிடம் மாறும் காடு. அவ்வளவுதான் கல் தரும் அனுமதி.

அந்த ஈரம் ஏன் போயிற்று என்று கேட்டால் கல்மரம் வாய் திறக்காது. வேறு சாட்சிகளை அழைக்க வேண்டும். திருவக்கரைக் கல்மரங்கள் கிடக்கும் பூங்காவில் அவற்றுக்குச் சொல்லப்படும் 2 கோடி ஆண்டு என்பது முழு எண்ணாக்கிய வயது. கடலூர் மணற்கல் மயோசீன் காலம் முதல் அதற்கடுத்த பிளியோசீன் வரை நீளக்கூடியது என்பதால் அதைக் கறாராகப் பிடித்துக்கொள்ள முடியாது. இருந்தாலும் கணக்கின் போக்கு தெளிவு. இந்திய நிலத்தட்டு ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வடக்கே நகர்கிறது. 2 கோடி ஆண்டில் அது ஏறத்தாழ 1000 கிலோமீட்டர். அப்போது திருவக்கரை பூமத்திய ரேகையின் மழைப்பட்டைக்கு அவ்வளவு நெருக்கம். உலகமும் இன்றைவிட வெப்பமாக இருந்த காலம் அது. மழை நம்மை விட்டுப் போனதில் ஒரு பங்கு, நாம் மழையை விட்டு நகர்ந்தது. வடக்கே சிவாலிக் மலையின் மண்படிவுகளில் சுமார் 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் காட்டின் தடயம் குறைந்து வெப்பநாட்டுப் புல்லின் கார்பன் அடையாளம் ஓங்குகிறது. மழை சில மாதங்களுக்குள் சுருங்கிக் கோடை நீண்டதன் அறிகுறியாக அதைப் பலர் கொள்கிறார்கள். நெய்வேலி நிலக்கரியின் மகரந்தங்களும் ஈரக்காட்டையே காட்டுகின்றன. ராமானுஜம் 1966இல் அதை மயோசீன் என்றே கொண்டார். பின்னர் வந்தவர்களில் அதை இன்னும் பழைய இயோசீன் காலத்துக்குத் தள்ளுவோரும் இருப்பதால், திருவக்கரைக்குத் துணைச்சாட்சியாக அதை நான் நிறுத்தவில்லை.

ஒரு கல்மரம் எப்போது பேசாது என்பதற்கும் தமிழகத்திலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் எம்.எஸ். கிருஷ்ணன் 1940இல் கண்டறிந்த கல்மரம் 18 மீட்டர் நீளம். திருவக்கரை மரங்களைவிட மிகப் பழையது, கிரெட்டேசியஸ் காலத்து ஊசியிலை மரம். பார்ப்பவரை அது மலைக்க வைக்கும். ஆனால் அது கிடப்பது கடலடிப் படிவத்தில், கடற்சிப்பிகளின் நடுவே. ஆறு கடலில் தள்ளி, கடல் சுமந்து, எங்கோ மூழ்கடித்த தனி மரம் அது. அருகில் நிலம் இருந்தது, அங்கே இவ்வளவு உயர்ந்த மரம் வளர்ந்தது என்பதற்கு மேல் அந்நிலத்தின் மழையைப் பற்றி அதனிடம் கேட்க முடியாது. திருவக்கரை அதற்கு மேல் சொல்வதற்குக் காரணம், சிறிதும் பெரிதுமாய், குங்கிலியமும் மருதமும் புளியின் உறவும் பனையுமாய், சுமார் 200 அடிமரங்கள் ஒரே மணலில் சேர்ந்து கிடப்பதுதான்.