தறியோசையும் இழப்பீட்டுச் சட்டமும்

1923-இல் இயற்றப்பட்டு 2025 வரை நடப்பில் இருந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், கை முறிவது போன்ற கண்முன் நிகழும் விபத்துகளை மனத்தில் கொண்டு எழுதப்பட்டதாயினும், ஆண்டுக்கணக்கில் சேரும் கேடுகளையும் அதன் மூன்றாம் அட்டவணை 'தொழில்சார் நோய்' என, அதாவது பணியின் தன்மையால் விளையும் நோய் என, விபத்துக் காயமாகவே கருதியது. பேரொலியால் வரும் செவித்திறன் குறைவு அதன் 'ஆ' பகுதியில் இடம்பெற்றிருந்தது. ஆனால் அதற்கு இழப்பீடு பெற, ஒரே முதலாளியிடம் தொடர்ந்து ஆறு மாதமாவது பணிபுரிந்திருக்க வேண்டியிருந்தது.

திருப்பூரை அடுத்த மங்கலம் பகுதி விசைத்தறிக் கூடங்களில் இந்த 'ஒரே முதலாளி' என்ற சொல்லே சிக்கலானது. ஜவுளி உற்பத்தியாளர் பாவு நூலைத் தருகிறார். தறி உரிமையாளர் மீட்டர்க் கூலிக்கு நெய்து கொடுக்கிறார். ஓயாமல் அடிபட்டு ஓடும் நாடாவின் இரைச்சலில் நிற்பவரோ, முன்பணமும் கூலியும் பார்த்துக் கூடம் மாறுபவர். பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோய்க்கு, பல முதலாளிகளிடையே பொறுப்பைப் பகிர்ந்தளிக்க இதே சட்டம் வழிசெய்திருக்க, செவிக்கு அத்தகைய பங்கீடு இல்லாதது விந்தையே.

பொறுப்பேற்க ஒரே தரப்பு இருந்தால் நிலை வேறு: அமெரிக்கக் கால்பந்து வீரர்களின் மூளைக்காயத்துக்காக 2011-இல் தொடுக்கப்பட்ட வழக்குகளில் எதிர்த்தரப்பாக ஒரே லீக் இருந்ததால், 2015-இல் நீதிமன்றம் ஏற்ற உடன்பாடு சாத்தியமாயிற்று. வீட்டோடு ஒட்டிய நான்கு தறிகளில் நிற்பவருக்கு அப்படியோர் எதிர்த்தரப்பு இல்லை, பத்துப் பேருக்குக் குறைவானால் 2025 வரை நடப்பில் இருந்த தொழிற்சாலைச் சட்டமும் பொதுவாக அங்கே எட்டியதில்லை.