கறண்ட் பில்லும் விறகுப் புகையும்

நான் ஒஸ்லோவுக்கு வந்து சேர்ந்தது 2002 நவம்பரில். நோர்வேஜிய மொழியில் எனக்கு முதலில் பிடிபட்ட சொற்களில் ஒன்று «ஸ்த்ரொம்». மின்சாரம் என்று அர்த்தம். தொலைக்காட்சியில், பஸ் தரிப்பிடத்தில், தமிழ்க் கடையில், எங்கே போனாலும் அந்தச் சொல்தான். அந்த வருட இலையுதிர்காலத்தில் மழை பெய்யவில்லை. நீர்த்தேக்கங்கள் இறங்கிவிட்டன. இந்த நாட்டில் மழை இல்லையென்றால் கறண்ட் விலை ஏறும் என்பதை அப்போதுதான் அறிந்தேன்.

நான் தங்கியிருந்தது தோயன் பகுதியில், மச்சானின் வாடகை வீட்டில். நூறு வருடத்துக்கு மேற்பட்ட கட்டடம். அறை மூலையில் ஒரு பழைய இரும்பு அடுப்பு. பில் வந்த அன்று மச்சான் சொன்னது இன்னும் காதில் கிடக்கிறது.

"டேய், ஹீற்றரை நிப்பாட்டு. அடுப்பை மூட்டு."

பெற்றோல் செட்டில் சாக்குச் சாக்காக விறகு விற்பார்கள். அதைத் தோளில் சுமந்து நாலாம் மாடிக்கு ஏறுவோம். நாங்கள் மட்டுமல்ல, நகரமே அப்படித்தான் செய்தது. காற்றில்லாத குளிர் நாளொன்றில் ஏக்கபெர்க் மலையில் நின்று பார்த்தேன். நகரத்தின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு மூடி. ஒஸ்லோ ஒரு சட்டி மாதிரி. மூன்று பக்கமும் மலை, ஒரு பக்கம் கடல். கடும் குளிரில் கனமான காற்று அடியில் தங்கிவிடும், மேலே சூடான காற்று மூடியாக நிற்கும். புகைபோக்கியால் போன புகை போக இடமில்லாமல் வீதிக்கே திரும்பும்.

எனக்கு அந்த மணம் புதிதல்ல. 1990இல் யாழ்ப்பாணத்தில் கறண்ட் போனபோது எனக்குப் பதினொரு வயது. ஜாம் போத்தல் விளக்கில்தான் படித்தேன். காலையில் மூக்கைச் சிந்தினால் கரி வரும். பெற்றோல் இல்லாததால் மோட்டார் சைக்கிளுக்கு இரண்டு துளி பெற்றோல் விட்டுக் கிளப்பி, மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள். பின்னால் சைக்கிளில் போகிறவன் பாடு அந்தரம். கறண்ட் இல்லாத இடத்தில் நல்ல காற்றும் இருக்காது என்பதை அங்கேயே படித்துவிட்டேன். பல்கலைக்கழகப் படிப்பு பாதியில் நின்றாலும் இந்தப் பாடம் முடிந்துவிட்டது.

நிற்க. ஒஸ்லோ இந்தப் புகையிலிருந்து எப்படித் தப்பியது என்று பிறகு தேடி வாசித்தேன். இந்த ஊருக்குக் கிறிஸ்தியானியா என்று பெயர் இருந்த காலத்தில், 1848இல், ஆக்கெர்செல்வா ஆற்றங்கரைப் பக்கம் நிலக்கரியிலிருந்து வாயு எடுக்கும் ஆலை வந்தது. தெருவிளக்கு அதில்தான் எரிந்தது. 1892இல் நகரசபை மின் நிலையம் தொடங்கியது, அதுவும் நகர நடுவிலேயே நிலக்கரி எரித்து. 1900இல் மாரிடாலன் பள்ளத்தாக்கில் ஹம்மெரன் நீர்மின் நிலையம் வந்தது. அதற்குப் பிறகு நகரத்துக்கு வெளிச்சம் தரும் வேலை மலைகளுக்குப் போய்விட்டது.

வெளிநாட்டு முதலாளிமார் அருவிகளை வாங்கத் தொடங்கியபோது நோர்வே செய்த காரியம் எனக்குப் பிடிக்கும். சுவீடனிடமிருந்து பிரிந்து ஒரு வருடம்கூட ஆகாத நாடு, 1906இல் அவசரச் சட்டம் போட்டு அதை மறித்தது. 1909, 1917 சட்டங்களில் தனியார் கட்டும் நிலையங்கள் குறித்த காலம் முடிந்ததும் இலவசமாக அரசுக்கு வரவேண்டும் என்று எழுதிவைத்தார்கள். கறண்ட் மலிவானது. வீடுகளைச் சூடாக்குவதே கறண்டில் என்று ஆனது. ஐரோப்பாவில் மற்றவர்கள் நிலக்கரியும் எண்ணெயும் எரித்தபோது இவர்கள் ஆணியில் ஒரு தகட்டு ஹீற்றரைக் கொழுவிவிட்டுப் படுத்தார்கள்.

ஆனால் தண்ணீர் யாருடையது? வடக்கே அல்தா ஆற்றில் அணை கட்டும் முதல் திட்டத்தில் மாசி என்ற சாமி மக்களின் கிராமமே தண்ணீருக்குள் போக இருந்தது. எதிர்ப்பால் அது கைவிடப்பட்டது. சுருக்கிய திட்டத்துக்கு 1978இல் பாராளுமன்றம் அனுமதி கொடுத்தது. 1979 ஒக்ரோபரில் சாமி இளைஞர்கள் ஒஸ்லோவில் பாராளுமன்றத்துக்கு முன்னால் கூடாரம் அடித்து உண்ணாவிரதம் இருந்தார்கள். நம்மவர்களும் பிறகு எத்தனையோ தடவை பதாகையோடு நின்ற இடம்தான் அது. 1981 ஜனவரியில் சுமார் அறுநூறு பொலிசார் போய், சங்கிலியால் தங்களைப் பிணைத்துக்கொண்டு பனியில் இருந்தவர்களைத் தூக்கினார்கள். 1987இல் அணை வந்தது. 1989இல் சாமிப் பாராளுமன்றமும் வந்தது. அணையைத் தடுக்க முடியாதவர்கள் அதன் பிறகு பெற்றது அது.

பெரிய அணைகளின் காலம் முடிந்தது. கறண்ட் தேவை முடியவில்லை. எரிவாயுவில் மின்சாரம் எடுப்பதா என்ற சண்டையில் 2000 மார்ச்சில் பொன்டெவிக்கின் அரசாங்கமே கவிழ்ந்தது. 2007இல் கோர்ஸ்தோவில் நிலையம் திறந்தார்கள். எரிவாயு விலைக்குக் கட்டுப்படியாகாமல் பெரும்பாலும் சும்மா கிடந்து, கடைசியில் கழற்றப்பட்டது. உலகத்துக்கு எரிவாயு விற்கும் நாட்டில் இந்தக் கதை.

ஒஸ்லோவின் காற்றுக்கு வருவோம். 1998இலிருந்து விற்கும் புதிய விறகடுப்புகள் புகையைத் திரும்ப எரிக்கும் வகையாக இருக்க வேண்டும். பழையதை மாற்ற நகரசபை காசும் கொடுத்தது. எங்கள் தோயன் அடுப்பை வீட்டுக்காரர் மாற்றவே இல்லை, அவரா அதற்குள் மூச்சுவிடுகிறார்? தூசிக்கு இன்னொரு காரணம் ஆணி வைத்த பனிக்கால ரயர். அது தாரைச் சுரண்டும். 1999இல் அதற்குக் கட்டணம் போட்டு, 2001இல் எடுத்து, 2004இல் திரும்பப் போட்டார்கள். இவ்வளவுக்குப் பிறகும் 2015இல் ஒஸ்லோ உட்படப் பல இடங்களின் காற்று விதிமுறையை மீறியது என்று எஃப்ரா நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2017 ஜனவரியில் ஒரு நாள் டீசல் கார்களுக்கே தடை.

இப்போது நகரத்தில் மின்சாரக் கார்கள். 2024இல் நாட்டில் விற்ற புதுக் கார்களில் பத்துக்கு ஒன்பது அளவு அவைதான். புகை போய்விட்டது, உண்மை. ரயர் தூசி போகவில்லை. அந்தக் கார்களுக்கும் கறண்ட் வேண்டும். ஃபோசனில் கலைமான் மேயும் நிலத்தில் நட்ட காற்றாலைகளின் அனுமதி செல்லாது என்று 2021 ஒக்ரோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் அவை சுழன்றுகொண்டிருந்தன. 2023இல் சாமிப் பிள்ளைகள் திரும்ப ஒஸ்லோ வந்து எரிசக்தி அமைச்சின் வாசலில் குந்தினார்கள். 1979இல் இருந்தவர்களின் பேரப்பிள்ளை வயது அவர்களுக்கு.

2022இல் கறண்ட் விலை மறுபடி உச்சிக்கு ஏறியபோது அரசாங்கம் வீடுகளின் பில்லில் ஒரு பங்கை ஏற்றது. உணவகங்களுக்கு அந்தத் திட்டம் இல்லை. எங்கள் முதலாளி இரண்டு பொரியல் இயந்திரங்களில் ஒன்றை நிறுத்தினார். மச்சான் இப்போது புறநகரில் சொந்த வீடு. அந்தக் குளிருக்கு அவரும் புது அடுப்பு வாங்கி, கராஜ் நிறைய விறகு அடுக்கினார்.

ஊரில் கணக்கு வேறு மாதிரி. புத்தளம் நுரைச்சோலையில் 2011இலிருந்து நிலக்கரி எரிகிறது. மூன்று இயந்திரமும் சேர்ந்து 900 மெகாவாற். கொழும்பில் விளக்கு, அங்குள்ள சனத்தின் முற்றத்தில் கரித்தூசி. சம்பூரிலும் நிலக்கரி நிலையம் என்று போரில் ஓடிய சனத்தின் காணியை வைத்துக்கொண்டு பத்து வருடம் பேசி, 2016இல் கைவிட்டார்கள். சுன்னாகத்தில் மின் நிலையத்துக் கழிவெண்ணெய் கிணறுகளுக்குள் இறங்கியது. அதை நடத்திய கம்பனி இரண்டு கோடி ரூபா இழப்பீடு கட்டவேண்டும் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

அக்கா இணுவிலில் இருக்கிறா, சுன்னாகத்துக்குப் பக்கம். போன கிழமை தொலைபேசியில் கறண்ட் ஒழுங்காக வருகுதோ என்று கேட்டேன்.

"அது வருகுது. குடிக்கத்தான் இன்னும் போத்தில் தண்ணி வாங்கிறம்" என்றா.