தோள்பட்டைக்கு 1972-இல் என்ன ஆனது?

டிஸ்கி: நான் படிப்பது பி.காம். டெபிட், கிரெடிட் தெரியும், எலும்பு வைத்தியம் தெரியாது. இது வரலாற்றுப் பதிவு, மருந்துச் சீட்டு அல்ல. :-)

ஜிம்முக்குப் போகும் பசங்களிடம் பேச்சுக் கொடுத்தால் முதல் கேள்வியே "பெஞ்ச் எவ்வளவு போடற?" என்பதுதான். "கால் எவ்வளவு?" என்று யாரும் கேட்பதில்லை. அதே பசங்களில் ஒருத்தன் பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிக்க வலது கையை விட்டுவிட்டு இடது கையைத் தூக்குவான். இன்னொருத்தன் சட்டை மாட்டும்போது முகத்தைச் சுளிப்பான். எங்கள் ஹாஸ்டலில் எங்கள் மாடியில் மட்டும் இப்படி மூன்று பேர். மூன்று பேரும் சொல்லும் வார்த்தை ஒன்றுதான்: ரொடேட்டர் கஃப்.

நெட்டில் தேடினால் ஒரு கதை திரும்பத் திரும்பக் கிடைக்கிறது. "அந்தக் காலத்தில் எல்லோரும் நின்றபடி தலைக்கு மேலே தூக்கினார்கள், தோள் வலி என்றால் என்னவென்றே தெரியாது. 1972-இல் ஒலிம்பிக்கில் பிரஸ்ஸை எடுத்தார்கள், எல்லோரும் பெஞ்சில் படுத்துவிட்டார்கள், தோள் போச்சு." கேட்க ரொம்ப நன்றாக இருக்கிறது. அவ்வளவு நன்றாக இருந்தாலே எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும். எனவே தோண்டிப் பார்த்தேன்.

முதலில் தோளின் அமைப்பு. இடுப்பு மூட்டில் தொடை எலும்பின் தலை ஆழமான கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கும். தோளில் கிண்ணம் கிடையாது, ஒரு சின்னத் தட்டுதான். உள்ளங்கையில் ஆரஞ்சுப் பழத்தை வைத்துக்கொண்டு நடப்பது மாதிரி. பழம் உருளாமல் பிடித்து வைப்பது நான்கு சின்னத் தசைகள்: சுப்ராஸ்பினேட்டஸ், இன்ஃப்ராஸ்பினேட்டஸ், டெரஸ் மைனர், சப்ஸ்கேபுலாரிஸ். இந்த நான்கின் தசைநார்களும் சேர்ந்து எலும்பின் தலையைச் சட்டையின் கஃப் மாதிரி சுற்றியிருப்பதால்தான் அந்தப் பெயர். கண்ணாடியில் தெரியாத தசைகள் என்பதால் இவற்றை வளர்க்க யாரும் மெனக்கெடுவதில்லை!

சரி, மேட்டருக்கு வருவோம். 1928 ஆம்ஸ்டர்டாம் முதல் 1972 மியூனிக் வரை ஒலிம்பிக் பளுதூக்குதலில் மூன்று தூக்குகள்: பிரஸ், ஸ்னாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க். பிரஸ் என்றால் மார்பு வரை கொண்டுவந்த பளுவை முழங்காலை மடக்காமல், கையின் பலத்தாலேயே தலைக்கு மேல் தள்ளுவது. சட்டம் அப்படி. நடந்தது வேறு. வீரர்கள் இடுப்பைப் பின்னால் வளைத்து வளைத்து, கிட்டத்தட்ட நின்றுகொண்டே பெஞ்ச் பிரஸ் போட ஆரம்பித்தார்கள். எவ்வளவு வளைவு வரை செல்லும் என்பதில் நடுவர்களுக்குள் ஒற்றுமையே இல்லை. கீழ்முதுகு என்னாகும் என்ற கவலையும் இருந்தது. மியூனிக்கில் சோவியத் வீரர் வசீலி அலெக்சேயெவ் 235 கிலோவை பிரஸ் செய்து, மொத்தம் 640 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். அத்தோடு பிரஸ்ஸுக்கு மங்களம். இன்றுவரை ஒலிம்பிக்கில் இரண்டே தூக்குதான்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பிரஸ்ஸை எடுத்ததற்குக் காரணம் தோள் அல்ல. நடுவர்களின் தலைவலியும் முதுகைப் பற்றிய பயமும்தான்.

அதே 1972-இல் சர்வதேச பவர்லிஃப்டிங் சம்மேளனம் உருவானது. அதன் மூன்று தூக்குகளில் ஒன்று பெஞ்ச் பிரஸ். ஆக, தலைக்கு மேல் தள்ளுவதற்கு மேடை போனது, படுத்துத் தள்ளுவதற்கு மேடை கிடைத்தது. போட்டி எங்கேயோ பயிற்சியும் அங்கேதானே போகும்? பெஞ்சில் படுத்தால் தோள்பட்டை எலும்பு முதுகுக்கும் பெஞ்சுக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். நின்று தள்ளினால் அது கையோடு சேர்ந்து மேல்நோக்கிச் சுழலும். படுத்துத் தள்ளி மார்புத் தசையை மட்டும் வளர்த்து, பின்பக்கத்தைப் பட்டினி போட்டால் தோள் முன்னால் இழுபடும் என்று பழைய பயிற்சியாளர்கள் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது.

ஆனால் "அந்தக் காலத்தில் வலியே இல்லை" என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. வலி இல்லை என்றால், யார் எண்ணிப் பார்த்தார்கள்? எக்ஸ்ரேயில் தசைநார் தெரியாது. தோளுக்கு எம்.ஆர்.ஐ. என்பது 1980-களில்தான் வந்தது. அதற்கு முன்னால் தோள் வலித்தவன் தைலம் தேய்த்துக்கொண்டான், அல்லது தூக்குவதை விட்டுவிட்டான். புத்தகத்தில் பதியாத செலவை லாபம் என்று காட்டுகிற கணக்கு இது. ஆடிட்டர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

அப்படி எண்ணிப் பார்க்கச் சொன்ன ஒரு மனிதர் உண்மையிலேயே இருந்தார். இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே அவருக்காகத்தான். பெயர் எர்னஸ்ட் அமோரி கோட்மன், பாஸ்டன் நகர அறுவை மருத்துவர், பிறந்தது 1869-இல். கிழிந்த சுப்ராஸ்பினேட்டஸைத் தைத்துச் சரிசெய்த முன்னோடிகளில் ஒருவர். அதை 1911-இல் எழுதி வெளியிட்டார். அவருடைய இன்னொரு பைத்தியம், "முடிவு என்ன?" என்று கேட்பது. ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு அட்டை. என்ன செய்தோம், ஒரு வருடம் கழித்து ஆள் எப்படி இருக்கிறார், சரியாகவில்லை என்றால் தப்பு யாருடையது என்று அதில் எழுத வேண்டும்.

மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் இதைக் கேட்டார். அங்கே பதவி உயர்வு சீனியாரிட்டிப்படி. யாருடைய ஆபரேஷன் பலித்தது என்று யாருக்கும் கவலை இல்லை. 1914-இல் ராஜினாமா செய்தார். 1915 ஜனவரியில் டாக்டர்கள் கூடிய ஒரு பெரிய கூட்டத்தில் ஒரு கார்ட்டூனைத் திறந்து வைத்தார். மணலுக்குள் தலையைப் புதைத்த நெருப்புக்கோழி, பின்பக்கம் தங்க முட்டை இடுகிறது! நெருப்புக்கோழி, காசு கொடுக்கும் பாஸ்டன் பணக்காரர்கள். முட்டையை எடுத்துக்கொள்வது டாக்டர்கள். அப்புறம் என்ன நடந்திருக்கும் என்று சொல்லவா வேண்டும்...

தன் சொந்த மருத்துவமனையில் 1911 முதல் 1916 வரை 337 நோயாளிகளின் கணக்கை எழுதி, அதில் 123 தவறுகள் என்று அவரே அச்சடித்து வெளியிட்டார். எந்த கம்பெனியின் ஆண்டறிக்கையிலாவது இப்படிப் பார்த்திருக்கிறீர்களா? 1934-இல் தோளைப் பற்றிய பெரிய புத்தகத்தைச் சொந்தச் செலவில் கொண்டுவந்தார். 1940-இல் இறந்தார். கல்லறைக்குக் கல் வைக்கக்கூடப் பணம் இல்லை. சக மருத்துவர்கள் 2014-இல்தான் வைத்தார்கள்.

கோட்மனிடம் வந்த தோள்கள் பலவும் உடலுழைப்பாளிகளுடையவை. எனக்கு உடனே சித்தப்பா ஞாபகம்தான். அரிசி மண்டியில் இருபது வருடம் மூட்டை தூக்கியவர். வலது கையைத் தோள் உயரத்துக்கு மேல் தூக்க மாட்டார். ஸ்கேன் கிடையாது, பெயர் கிடையாது. வீட்டில் அதற்குப் பெயர் "வயசாயிடுச்சு". வயது நாற்பத்தாறு. அந்தக் கணக்கு எந்த அட்டையிலும் இல்லை.

மறுபடி 1972. பளுதூக்குபவர்களுக்குத் தெரியாமல் அதே ஆண்டில் இன்னொன்றும் நடந்தது. நியூயார்க்கைச் சேர்ந்த சார்லஸ் நீர் என்ற மருத்துவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். தோளின் மேலே கூரை மாதிரி இருக்கும் எலும்பு (அக்ரோமியன்) கீழே உள்ள தசைநாரை உரசுகிறது, எனவே கூரையின் முன்பகுதியைச் செதுக்கிவிடலாம் என்றார். எளிமையான விளக்கம். கதவு தரையில் உரசினால் தச்சரைக் கூப்பிட்டு இழைப்பதில்லையா? உலகமே இழைக்க ஆரம்பித்தது. இங்கிலாந்தில் மட்டும் இந்த ஆபரேஷன் 2000-01-இல் 2,523. 2009-10-இல் 21,355. பத்து வருடத்தில் எட்டு மடங்குக்கும் மேல்!

பலித்ததா? கோட்மனின் கேள்வியை ஒழுங்காகக் கேட்டது 2018-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு. பிரிட்டனில் 313 நோயாளிகள், மூன்று குழுக்கள். ஒரு குழுவுக்கு எலும்பைச் செதுக்கினார்கள். இன்னொரு குழுவுக்குக் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு எதையும் செதுக்காமல் மூடினார்கள். மூன்றாவது குழுவுக்கு எதுவும் செய்யவில்லை. செதுக்கியவர்களுக்கும் சும்மா மூடியவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. எதுவும் செய்யாதவர்களைவிட இரண்டு குழுவும் கொஞ்சம் மேல், ஆனால் வாழ்க்கையில் உணரும் அளவுக்கு இல்லை. 2019-இல் பி.எம்.ஜே. இதழின் வழிகாட்டுதல் இந்த ஆபரேஷன் வேண்டாம் என்றே சொன்னது. (முழுதாகக் கிழிந்த தசைநாரைத் தைப்பது வேறு விஷயம். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.)

அப்போ நம்ம மாடி மூன்று பேரும் என்ன செய்வது? இன்றைய மருத்துவம் முதலில் சொல்வது உடற்பயிற்சிதான். வலியைக் கிளறும் தூக்கின் எடையையும் எண்ணிக்கையையும் குறைப்பது. தள்ளும் அளவுக்கு இழுப்பதையும் (ரோயிங்) செய்வது. முழங்கையை விலாவில் ஒட்டி வைத்து, ரப்பர் பேண்டை வெளிப்பக்கம் இழுப்பது. எடை இங்கே கௌரவப் பிரச்சினை இல்லை. தலைக்கு மேல் பிரஸ்ஸை, வலிக்காத உயரம் வரை, லேசான எடையில் மெதுவாகத் திரும்பக் கொண்டுவருவது. இதெல்லாம் வாரக்கணக்கில் அல்ல, மாதக்கணக்கில் ஆகும். ரொம்ப வலிக்கும் நாட்களில் குனிந்து கையைத் தொங்கவிட்டு ஊசல் மாதிரி ஆட்டும் பயிற்சி ஒன்று உண்டு. அதன் பெயரே கோட்மன் பயிற்சி.

கீழே விழுந்தோ, தூக்கும்போது 'டப்' என்று சத்தம் கேட்டோ, அதற்குப் பிறகு கையைத் தூக்கவே முடியவில்லை என்றால் ரப்பர் பேண்டைத் தேடாதீர்கள். அது வலி அல்ல, பலமே போய்விட்ட நிலை. அதே வாரத்தில் எலும்பு டாக்டரிடம் போங்கள்.

நம்மூர் கர்லாக்கட்டையை வெள்ளைக்காரர்கள் 'இந்தியன் கிளப்' என்று கொண்டுபோய், 1904-லும் 1932-லும் ஒலிம்பிக்கில் போட்டியாகவே வைத்த கதை தனி. தோளை எல்லாப் பக்கமும் சுழற்றும் அந்தப் பயிற்சி எப்படிக் காணாமல் போனது என்பதை செமஸ்டர் முடிந்ததும் எழுதுகிறேன். இப்போதைக்கு காஸ்ட் அக்கவுண்டிங் கூப்பிடுகிறது...