காயினின் அடையாளமும் ஆபேலின் குரலும்

மதுரை மாவட்டத்தில் மேலூரை அடுத்துள்ள சிற்றூர் மேலவளவு. 1996 ஆம் ஆண்டு அதன் ஊராட்சித் தலைவர் பதவி தலித் மக்களுக்கென ஒதுக்கப்பட்டது. மிரட்டல்களுக்கும் வாக்குச்சாவடி வன்முறைகளுக்கும் இடையே முருகேசன் அப்பதவிக்கு வந்தார். 1997 ஜூன் 30 அன்று, மதுரையில் ஆட்சியர் அலுவலகம் சென்று பேருந்தில் ஊர் திரும்பும் வழியில் அவரும் உடனிருந்த ஐவரும் வெட்டிக் கொல்லப்பட்டனர்.

வழக்கு சேலம் நீதிமன்றத்தில் நடந்தது. 2001-இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அத்தண்டனையை உயர் நீதிமன்றம் 2006-இலும் உச்ச நீதிமன்றம் 2009-இலும் உறுதி செய்தன. ஆயினும் உச்ச நீதிமன்றம் தீர்ப்புரைக்கும் முன்பே, 2008-இல் அறிஞர் அண்ணா நூற்றாண்டையொட்டி மூவர் விடுவிக்கப்பட்டனர். 2019 நவம்பரில் எம்.ஜி.ஆர். நூற்றாண்டுச் சலுகையின்கீழ் 13 பேர் வெளியே வந்தனர். இதை எதிர்த்து உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்குகள் எழுந்தன.

ஆயுள் தண்டனை என்பது வாழ்நாள் முழுமைக்குமான தண்டனையே என்று 1961-இல் கோட்சே வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. மரண தண்டனைக்குரிய குற்றத்தில் ஆயுள் தண்டனை பெற்றவர் குறைந்தது 14 ஆண்டுகள் சிறையிலிருக்க வேண்டும் என்னும் விதி 1978-இல் சட்டத்தில் சேர்ந்தது. 2024 முதல் நடைமுறையிலுள்ள புதிய சட்டத்திலும் அது தொடர்கிறது. ஆனால் அரசமைப்பின் 161 ஆம் பிரிவு ஆளுநருக்குத் தரும் மன்னிப்பு அதிகாரத்தை இவ்விதி கட்டுப்படுத்தாது. நூற்றாண்டு விழா விடுதலைகள் இவ்வழியே நிகழ்கின்றன. அவ்வதிகாரமும் சாதி, கட்சி நோக்கில் பயன்படலாகாது என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் எச்சரித்தது.

கிறிஸ்தவர்களாகிய நாம் இதனை எவ்வாறு நோக்குவது? சிறையிலிருப்போரைத் தேடிச் செல்லுமாறு பணிக்கப்பட்டவர்கள் நாம். 2000 ஆம் ஆண்டு யூபிலியின்போது கைதிகளுக்குக் கருணை காட்டுமாறு திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் உலக அரசுகளை வேண்டினார். எனவே விடுதலை என்ற சொல்லே நமக்குக் கசக்கலாகாது.

ஆனால் அதே திருத்தந்தை 1983-இல் தம்மைச் சுட்டவரைச் சிறையில் சந்தித்து மன்னித்தார் என்பதையும் நினைவுகூர்வோம். இத்தாலி அரசு அம்மனிதருக்கு மன்னிப்பு வழங்கியது 2000-இல்தான். அங்கே காயம்பட்டவரின் சொல் முந்தியது. அரசின் ஆணை பிந்தியது. மேலவளவிலோ ஆணையே முந்தியது. ஒரு தலைவரின் பிறந்த நாளுக்கும் ஆறு குடும்பங்களின் துயருக்கும் என்ன உறவு?

தண்டனைக் குறைப்புக்கு முன் தீர்ப்பளித்த நீதிபதியின் கருத்தை அரசு கேட்கலாம் என்கிறது சட்டம். பலியானோர் குடும்பத்தையும் கேட்க வேண்டும் என்று அங்கே எழுதப்படவில்லை. குற்றவாளி மனம் மாறினாரா, அவர் திரும்பிச் செல்லும் ஊரில் பலியானவரின் உறவினர் அச்சமின்றி வாழ இயலுமா என்று ஒவ்வொருவர் குறித்தும் ஆராய்ந்து, காரணங்களை வெளிப்படையாக எழுதும் ஆணையே கருணை எனும் பெயருக்குத் தகும்.

காயினை எவரும் கொல்லாதபடி அவன்மேல் அடையாளமிட்டவர் நம் ஆண்டவர். ஆனால் அதற்கு முன் அவர் மண்ணிலிருந்து எழுந்த ஆபேலின் குரலைக் கேட்டார். அந்த வரிசையை மாற்ற நமக்கு உரிமையில்லை.