ஆவிக்குரிய சரீரம்: மாட்டுவண்டி மாட்டால் செய்ததா?

நண்பனோட அப்பா தவறி மூணு மாசம் ஆகிறது. சர்க்கரை நோய் முற்றி ஒரு காலை எடுத்துவிட்டார்கள். கடைசி இரண்டு வருஷம் சக்கர நாற்காலியில்தான். பாளையங்கோட்டையில் நடந்த அடக்க ஆராதனையில் குருவானவர் 1 கொரிந்தியர் 15-ஆம் அதிகாரத்தை வாசித்தார். வீட்டுக்கு வந்ததும் நண்பனின் அம்மா என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: "தம்பி, நீ நிறைய படிக்கியே. ஆவிக்குரிய சரீரம்னா என்ன? அவுக ஆவியாத்தான் வருவாகளா? அப்ப அந்தக் காலு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அதற்குப் பிறகு தேடிப் படித்ததன் சுருக்கம்தான் இது.

முதலில் இடத்தைப் பார்ப்போம். ரோமர்கள் கி.மு. 146-ல் அழித்த கொரிந்துவை, கி.மு. 44-ல் ஜூலியஸ் சீசர் ரோமக் குடியேற்றமாக மறுபடி உருவாக்கினார். துறைமுகங்கள், வியாபாரம், பல ஊர்ச் சனங்கள். கி.பி. 50-களின் நடுவில், எபேசுவில் இருந்தபடி பவுல் அந்த ஊர்ச் சபைக்கு இந்தக் கடிதத்தை எழுதுகிறார். அங்கே சிலருக்கு உயிர்த்தெழுதலே ஒப்பவில்லை. உடலை விட்டு ஆன்மா விடுபடுவதுதான் மேல் என்பது கிரேக்கச் சிந்தனையில் பழகிப்போன ஒன்று. அழுகிய பிணம் எழுந்து வருமென்றால் அருவருப்புதானே? செத்தவர்கள் எந்த உடலோடு வருவார்கள் என்ற கேள்வியை 35-ஆம் வசனத்தில் பவுலே எடுத்துப் போட்டு, விதையை உதாரணமாகக் காட்டிப் பதில் சொல்லத் தொடங்குகிறார். 44-ஆம் வசனம் அந்தப் பதிலின் நடுவில் வருகிறது.

அதில் இரண்டு உடல்கள் எதிரெதிரே நிற்கின்றன. கிரேக்கத்தில் ஒன்று 'சோமா ப்சிகிகோன்', இன்னொன்று 'சோமா ப்நியூமாடிகோன்'. 'சோமா' என்றால் உடல். 'ப்சிகே' என்றால் உயிர் அல்லது ஆன்மா. 'ப்நியூமா' என்றால் மூச்சு, காற்று, ஆவி. ஹென்றி பவர் குழுவின் தமிழ்த் திருப்புதல் (1871) முதலாவதை 'ஜென்மசரீரம்' என்றும் இரண்டாவதை 'ஆவிக்குரிய சரீரம்' என்றும் சொல்கிறது. 1946-ல் வந்த ஓர் ஆங்கிலத் திருப்புதல் முதலாவதற்கு 'பௌதிக உடல்' என்று பொருள்படும் சொல்லைப் போட்டுவிட்டது. முதலாவது பௌதிகம் என்றால், இரண்டாவது பௌதிகமில்லாத ஏதோ ஒன்று என்றுதானே வாசிப்பவர் நினைப்பார்? ஆனா கிரேக்கத்தில் அந்த எதிர்ப்பதம் இல்லை.

இதை எளிதாகவே சோதிக்கலாம். 'ப்நியூமாடிகோன்' என்பது ஆவியால் செய்யப்பட்ட உடல் என்றால், அதே கணக்கில் 'ப்சிகிகோன்' ஆன்மாவால் செய்யப்பட்ட உடலாக இருக்க வேண்டும். ஆனா அது இப்போது நாம் சுமக்கிற உடல். இது சதையும் எலும்பும்தானே, ஆன்மாவால் செய்ததில்லையே?

தமிழில் யோசித்தால் இன்னும் தெளிவாகும். மண்பானை மண்ணால் செய்தது. மாட்டுவண்டி மாட்டால் செய்ததில்லை. மாடு இழுக்கிற வண்டி. கிரேக்கத்தில் '-இனோஸ்' விகுதி பெரும்பாலும் மண்பானை வகை, '-இகோஸ்' விகுதி பெரும்பாலும் மாட்டுவண்டி வகை. பவுல் போட்டிருப்பது இரண்டாவது வகை. விகுதியை மட்டும் நம்ப வேண்டாம்; விதிவிலக்குகள் உண்டு. இதே கடிதத்தின் 2-ஆம் அதிகாரத்துக்குப் போங்க. அங்கேயும் இதே இரண்டு சொற்கள், மனிதர்களைப் பற்றி. 'ஆவிக்குரியவன்' என்று அங்கே பவுல் சொல்வது சோறு தின்று நடமாடும் ஆளைத்தான், பேயை இல்லை. 10-ஆம் அதிகாரத்தில் வனாந்தரத்தில் இஸ்ரவேலர் சாப்பிட்ட உணவுக்கும் இதே சொல்தான். தமிழில் அது 'ஞானபோஜனம்' ஆகிவிட்டதால் நமக்கு இந்தத் தொடர்பு கண்ணில் படுவதில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1995-ல் டேல் மார்ட்டின் எழுதிய நூல், அன்றைய ஸ்தோயிக்கர்களுக்கு ப்நியூமாவே ஒரு பொருள்தான் என்று நினைவூட்டுகிறது. மிக நுண்ணிய, நெருப்பும் காற்றும் கலந்த பொருள். அதனால் பவுல் சொல்வது அந்த நுண்பொருளாலான உடல் என்பது அவர் வாதம். சூரியன், சந்திரன், நட்சத்திரங்களைப் பவுல் இங்கே இழுப்பது இதற்குப் பொருந்துகிறது. என். டி. ரைட் 2003-ல் இதற்கு எதிராக, அது தேவ ஆவி இயக்குகிற உடல் என்று வாதிட்டார். எனக்கு ரைட்டின் பக்கம்தான் வலுவாகத் தெரிகிறது. ஆனா கவனிங்க: இரண்டு பேருமே உடல் இல்லாத ஆவி என்று சொல்லவில்லை.

இந்தச் சண்டை புதுசும் இல்லை. மாம்சமும் இரத்தமும் தேவ ராஜ்யத்தில் பங்கு பெறாது என்கிற 50-ஆம் வசனத்தை எதிராளிகள் ஆயுதமாக்குகிறார்கள் என்று கி.பி. 180 வாக்கிலேயே இரேனேயுஸ் புலம்புகிறார். மூன்றாம் நூற்றாண்டில் ஓரிகன், இந்த உடலின் அடையாளம் தொடரும், பொருள் மாறும் என்று விளக்கினார். அவர் பேரால் பரவிய கருத்துகளைப் பேரரசர் யுஸ்தினியான் 543-ல் கண்டித்தார். உயிர்த்த உடல்கள் உருண்டையாக இருக்கும் என்பதும் அந்தக் குற்றப்பட்டியலில் ஒன்று!

அகுஸ்தீன் ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய 'கடவுளின் நகரம்' நூலில், ஆவிக்குரிய உடல் என்பது ஆவியாக மாறிய உடல் அல்ல, ஆவிக்குக் கீழ்ப்படிகிற உடல் என்கிறார். மாட்டுவண்டிக் கணக்குதான். அதே நூலின் கடைசிப் பகுதியில், இரத்தசாட்சிகளின் தழும்புகள் அழகாக நிலைக்கலாம், ஆனால் வெட்டப்பட்ட உறுப்புகள் திரும்பக் கிடைக்கும் என்கிறார். 1600 வருஷத்துக்கு முன்னாடியே யாரோ 'அந்தக் காலு?' என்று கேட்டிருக்கிறார்கள்.

போன வாரம் அம்மாவைப் பார்த்தேன். உயிர்த்தெழுதல் நடக்குமா என்று சொல்ல நான் யார்? அது ஆராய்ச்சியில் வருகிற விஷயம் இல்லை. ஆனா பவுல் எதை எழுதினார் என்பதைச் சொல்லலாம். "அம்மா, அதுல பேய்னு எழுதலை. உடம்புன்னுதான் எழுதியிருக்கு" என்றேன்.

கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். "அப்ப அவுக நடந்துதான் வருவாக" என்று சொல்லிவிட்டுக் காப்பி போடப் போனார்.