மருளும் மஞ்சள் கரையும்

டவுனில் இருக்கிற உங்களில் நிறைய பேர் வீட்டு ஹாலில் ஒரு ஸ்நேக் பிளான்ட் நிற்கும். வாள் மாதிரி நிமிர்ந்த இலை, குறுக்கே பட்டை பட்டையாகக் கரும்பச்சை, ரெண்டு ஓரத்திலும் மஞ்சள் கரை. கோயம்புத்தூரில் இருக்கிற ஒரு தம்பி போனில் கேட்டார்: "அண்ணே, இலையைத் துண்டு போட்டு நட்டேன். நல்லா முளைச்சுது, ஆனா மஞ்சளைக் காணோமே?" இதுக்குப் பதில் சொல்ல, கொஞ்சம் பழைய கதைக்குப் போகணும்.

அந்தச் செடிக்கு எங்க வேலியோரத்தில் ஒரு சொந்தக்காரி உண்டு. பேர் மருள். சங்கப் பாட்டில் மரல் என்று வரும். புறநானூறு 264-ஆம் பாட்டில், மாண்ட வீரனுக்கு நட்ட கல்லுக்கு மரலைக் கிழித்துச் செம்பூ தொடுத்துச் சூட்டுகிறார்கள். எங்க தாத்தா கையிலும் அதே நார்தான். இலையைப் பலகையில் போட்டு, ஒரு முனையைக் கால் கட்டைவிரலால் மிதித்துக்கொண்டு, மழுங்கின குச்சியால் சுரண்டுவார். சதை வழிந்துபோய் வெள்ளை வெளேர்னு நார் நிற்கும். அலசிக் காயவைத்தால் பூக்கட்டலாம், கயிறு திரிக்கலாம். வில்லுக்கு நாணாகவும் முறுக்கியிருக்கிறார்கள்.

கம்பெனி ஆட்சியில் நம்ம கிழக்குக் கரையில் வேலை பார்த்துவிட்டு, பிறகு கல்கத்தா தாவரத் தோட்டத்துக்குப் போன வில்லியம் ராக்ஸ்பர்க் இந்த நாரைப் பற்றி எழுதி வைத்தார். 1829-ல் மருளுக்கு அவர் பேரையே சேர்த்து, சான்செவீரியா ராக்ஸ்பர்கியானா என்று வைத்துவிட்டார்கள். ஆயிரம் வருஷத்துக்கு மேல நாம கூப்பிட்ட பேர் இருக்க, இது என்ன நியாயமோ!

உங்க வீட்டுச் செடி மேற்கு ஆப்பிரிக்காக்காரி. ஆனா அதுக்கும் சாஸ்திரப் பேர் வைத்தது அதே கல்கத்தா தோட்டத்துத் தலைவர்தான். டேவிட் பிரெய்ன் 1903-ல் வங்காளத்துச் செடிகளைப் பற்றி எழுதின புத்தகத்தில் அது இருக்கிறது. அது முழுப் பச்சை ரகம். மஞ்சள் கரை போட்டது, கிட்டத்தட்ட அதே சமயத்தில் எமில் லோரான் என்ற பெல்ஜியம்காரர் காங்கோவில் கண்டெடுத்தது. அதனால்தான் நர்சரியில் 'லாரன்டி' என்கிறார்கள்.

இப்போ தம்பியோட கேள்விக்கு வரேன். இந்த இலை ரெண்டு வித உயிரணு சேர்ந்த ஒட்டுக்குடும்பம். ஓரத்தில் இருக்கிறதுக்குப் பச்சையம் செய்யத் தெரியாது. நடுவில் இருக்கிறதுக்குத் தெரியும். இலைத்துண்டை நட்டால் புதுக்குருத்து பச்சை அணுக்களில் இருந்துதான் கிளம்பும். ஓரம் கூட வராது. மஞ்சள் வேணும்னா வாழைக்குப் பக்கக்கன்னு எடுக்கிற மாதிரி, மண்ணுக்குள் ஓடுகிற கிழங்கோடு வெட்டிப் பிரிக்கணும். அப்போ ரெண்டும் சேர்ந்தே வரும். நூறு வருஷத்துக்கு மேல அந்த மஞ்சள் கரை இப்படிக் கிழங்கு கிழங்காகக் கை மாறித்தான் உங்க ஹால் வரைக்கும் வந்திருக்கிறது. பூ மாதிரி விரிகிற குட்டை ரகமும் இந்த வம்சம்தான். 1939-ல் அமெரிக்காவில், நியூ ஆர்லியன்ஸ் நர்சரி ஒன்றில் தானாகக் கிளைத்தது. ரெண்டே வருஷத்தில் அதுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்கள்.

காற்றைச் சுத்தம் பண்ணும் என்கிற பேச்சு 1989-ல் நாசா செய்த சோதனையில் இருந்து வந்தது. மூடின சின்னப் பெட்டிக்குள் செய்தது அது. ஒரு தொட்டியை வெச்சுட்டு ஜன்னலைச் சாத்திடாதீங்க.

எங்க மருளுக்கு மஞ்சள் கரை கிடையாது. இலை ஒடுங்கி, வாய்க்கால் மாதிரி குழிந்து, கரும்பட்டை போட்டு நிற்கும். அழகுன்னு யாரும் காசு கொடுக்கல. கம்பி வேலி போட வந்த ஜேசிபி, பக்கத்துக் காட்டில் புதர் புதராக வாரி எறிந்தது. அதில் ஒரு சாக்குக் கிழங்கு பொறுக்கி வந்து மேட்டு வரப்பில் ஊன்றியிருக்கேன். நார் உரிக்கத் தெரிஞ்சவங்க இப்போ எங்க ஊரில் ரெண்டே பேர். கிழங்கு வேணும்னா வர்றப்போ ஒரு பை எடுத்துட்டு வாங்க. மழைக்கு முன்னாடி வந்தா நல்லது.